ரம்மும் கோலாவும்: எந்த ரம், எந்தக் கோலா, எவ்வளவு எலுமிச்சை?

புதுக்கோப்பை — 3 மார்ச், இரவு 9:12

கோலாவில கலக்கிட்டா எந்த ரம்மா இருந்தாலும் ஒண்ணுதான்னு சொல்றேன். 12 வருஷம் பீப்பாயில கிடந்த ரம்ல கோலா ஊத்தினா கோலா வாசனை மட்டும்தான் வருது. மலிவான வெள்ளை ரம்ல ஊத்தினாலும் அதே கோலா, கூட கொஞ்சம் ஸ்பிரிட் நெடி. அப்ப ரம் தேர்வுன்னு இவ்வளவு பேசறதெல்லாம் எதுக்கு? எலுமிச்சை அவசியமா, சும்மா அழகுக்கா? அளவு சொன்னா பெக் கணக்கு வேண்டாம், மில்லியில சொல்லுங்க.

தராசு — 3 மார்ச், இரவு 9:50

பாதி சரி, பாதி தவறு. கோலா எல்லாவற்றையும் மூடாது. தன்னிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் மூடும். கோலாவின் வாசனை எதனால் ஆனது என்று பாருங்கள்: வெனிலா, பட்டை, ஜாதிக்காய், ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் எண்ணெய்கள், கருக்கிய சர்க்கரை. பீப்பாயில் பல வருடம் கிடந்த ரம்முக்குக் கிடைப்பதும் வெனிலா, பட்டை, கருக்கிய சர்க்கரைதான். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. உங்கள் 12 வருட ரம் காணாமல் போனது அதனால்தான்.

கோலாவிடம் இல்லாத ஒன்று, புளிப்பேறி நொதித்த பழத்தின் வாசனை. அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழம், அன்னாசி, சில சமயம் பெயின்ட் கடை நெடி. இவற்றைத் தருபவை நொதிக்கும்போது உண்டாகும் எஸ்டர்கள் என்ற வேதிப்பொருள்கள். இவை உள்ள ரம்மைக் கோலாவால் அமுக்க முடியாது.

அளவுக்கு ஆரம்பப் புள்ளி: சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கியூபா லிப்ரே. வெள்ளை ரம் 50 மில்லி, கோலா 120 மில்லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 10 மில்லி. உயரமான கிளாஸ், வாய் வரை ஐஸ். இங்கிருந்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

தராசு — 3 மார்ச், இரவு 10:04

எலுமிச்சைக்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். அழகுக்கு அல்ல. வழக்கமான கோலாவில் 100 மில்லிக்கு சுமார் 10.5 கிராம் சர்க்கரை. 120 மில்லியில் 12.5 கிராமுக்கு மேல், அதாவது மூன்று டீஸ்பூன். கோலாவில் புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது பாஸ்பாரிக் அமிலம். நாக்கில் கூர்மையாகப் படும், மணம் கிடையாது. எலுமிச்சைச் சாற்றில் ஏறக்குறைய 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். 10 மில்லி சாறு அரை கிராமுக்குச் சற்று மேல் அமிலம் தருகிறது. அந்தச் சிறு அளவே இனிப்பின் திகட்டலை உடைத்துவிடும். ஓரத்தில் செருகிய துண்டை யாரும் பிழிவதில்லை. பிழியாத எலுமிச்சை வெறும் தோரணம்.

கரும்புத்தோகை — 4 மார்ச், காலை 7:30

ரம் வகைகளை நிறத்தை வைத்துப் பிரிப்பதை முதலில் நிறுத்துங்கள். வெள்ளை, தங்கம், கறுப்பு என்ற மூன்று பெயர்களும் கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்வதில்லை. வெள்ளை ரம்களில் பல ஒன்றிரண்டு வருடம் மரத்தில் கிடந்து, பிறகு கரியில் வடிகட்டி நிறம் நீக்கப்பட்டவை. 1862இல் கியூபாவின் சாந்தியாகோவில் தொடங்கிய பக்கார்டி பெயர் வாங்கியதே அந்த வழியில்தான். மறுபக்கம் கறுப்பு ரம்மின் நிறம் பெரும்பாலும் கேரமல் சாயம். வயதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

பார்க்க வேண்டியது மூன்று: எதிலிருந்து நொதித்தது, எப்படி வடித்தது, பிறகு எதைச் சேர்த்தார்கள்.

உயரமான தூண் வடிகலத்தில் வடித்தால் சாராயம் சுத்தமாக, லேசாக வரும். கியூபா, போர்ட்டோ ரிக்கோ பாணி இது. கோலாவுடன் சேர்த்தால் சுத்தமாக, கொஞ்சம் உலர்ந்த, அதாவது இனிப்பில்லாத முடிவோடு இருக்கும், ஆனால் ரம் பின்னணியில் நிற்கும். எலுமிச்சை இல்லாமல் இந்த வகையைக் குடிப்பது வீண்.

பானை வடிகலம் எண்ணெய்த்தன்மையையும் எஸ்டரையும் விட்டுவைக்கும். ஜமைக்கா இதற்குப் பேர் போனது. வடித்து மிஞ்சும் புளித்த கசடை அடுத்த நொதிப்பில் சேர்ப்பார்கள். அதற்கு அங்கே டண்டர் என்று பெயர். கோலாவைத் தாண்டி மூக்குக்கு வருவது இந்த வகைதான்.

பார்படோஸ் இரண்டையும் கலப்பது. நடுவாந்தரம். எதைத் தேர்வது என்று குழப்பமாக இருந்தால் இதில் கை வையுங்கள், தவறாது.

கயானாவின் டெமராரா கொஞ்சம் புகை, கொஞ்சம் கருகல், வாயில் கனம். கோலாவின் கருக்கிய சர்க்கரையோடு ஒன்றிவிடும். கசப்பும் அதிகம் என்பதால் நான் எலுமிச்சையைக் கூட்டுவேன்.

மார்ட்டினிக்கின் அக்ரிகோல் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகான மொலாசஸில் அல்ல, கரும்புச்சாற்றில் செய்வது. பச்சைப் புல் வாசனை. கோலாவுடன் சண்டை போடும். சர்க்கரையும் எலுமிச்சையும் மட்டும் போதும் அதற்கு. இதைக் கோலாவில் விடுவது பாவம் என்பேன். மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் நாக்கு அவர்களுக்கு.

ஐஸ்வண்டி — 4 மார்ச், மதியம் 1:15

ரம்மைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பத்தில் ஏழு கிளாஸ் கெட்டுப்போவது கோலாவின் சூட்டால்.

கணக்கு இதோ. 1 மில்லி தண்ணீரை 1 டிகிரி குளிர்விக்க 1 கலோரி எடுக்க வேண்டும். 1 கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி எடுத்துக்கொள்ளும். 25 டிகிரியில் இருக்கும் 120 மில்லி கோலாவை 0 டிகிரிக்குக் கொண்டுவர 3000 கலோரி. அதாவது 37 கிராம் ஐஸ் உருகித் தண்ணீராகும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் இருந்த கோலாவுக்கு 480 கலோரி, 6 கிராம் ஐஸ் போதும். வித்தியாசம் 31 கிராம் தண்ணீர். 180 மில்லி பானத்தில் 31 மில்லி தண்ணீர் கலந்தால் அது பானமா, கழுவின தண்ணீரா?

காஸுக்கும் இதே விதி. 20 டிகிரியில் தண்ணீர் பிடித்துவைக்கும் கார்பன்-டை-ஆக்சைடு, 0 டிகிரியில் பிடிப்பதில் பாதிதான். சூடான கோலா ஐஸில் விழுந்ததும் பொங்கும், பொங்கியது திரும்ப வராது.

ஐஸ்வண்டி — 4 மார்ச், மதியம் 1:40

மேலே எழுதியதில் ஓட்டை இருக்கிறது. ஐஸ் 0 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். ஃப்ரீசரிலிருந்து நேராக வந்தால் அது கழித்தல் 18. உருகத் தொடங்கும் முன்பே ஒவ்வொரு கிராமும் 9 கலோரி வாங்கும். கிளாஸில் 150 கிராம் ஐஸ் என்றால் 1350 கலோரி இலவசம். குளிர்ந்த கோலாவுக்கு வேண்டிய 480 அதிலேயே அடங்கிவிடும். அறைச்சூட்டில் இருக்கும் 50 மில்லி ரம்முக்குச் சுமார் 1100. இரண்டும் சேர்ந்து 1580, மீதி 230 கலோரிக்கு 3 கிராம் ஐஸ்தான் உருகும். கிளாஸின் சூடு தனி.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, ரம்மை ஃப்ரீசரில் வைக்கும் சிரமம் தேவையில்லை, கோலாவைக் குளிரவைத்தால் போதும். இரண்டு, தட்டில் கொட்டி வைத்து மேலே நீர் பூத்துப்போன ஐஸை எடுக்காதீர்கள். அது ஏற்கெனவே 0 டிகிரிக்கு வந்துவிட்டது, அந்த 1350 கலோரியும் போச்சு.

புதுக்கோப்பை — 4 மார்ச், இரவு 8:55

கணக்கு டீச்சர் வந்துட்டாரு. சரி, ஐஸ் நிறைய போட்டா தண்ணியாயிடும்னு நான் ரெண்டு கட்டிதான் போடுவேன். அது தப்பா?

ஐஸ்வண்டி — 4 மார்ச், இரவு 9:02

தலைகீழ். ரெண்டு கட்டி முழுசா உருகும். வாய் வரை ஐஸ் மேற்பரப்பில்தான் உருகும். நிறையப் போடுங்கள்.

தராசு — 6 மார்ச், காலை 6:45

ஊற்றும் வரிசை. இதைச் சாதாரணமாக எண்ணுகிறார்கள்.

எலுமிச்சைச் சாறு முதலில், அதன் மேல் ரம், பிறகு ஐஸ், கடைசியில் கோலா. கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, ஐஸின் மேல் அல்லாமல் பக்கச் சுவரில் ஒழுகவிடுங்கள். நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே ஒரு முறை மேலே தூக்குங்கள். சுற்றிச் சுற்றிக் கலக்கினால் காஸ் போய்விடும். ரம் கோலாவை விட அடர்த்தி குறைந்தது. கோலாவை முதலில் ஊற்றி ரம்மை மேலே விட்டால் அது மேலேயே மிதக்கும், முதல் வாய் ரம், கடைசி வாய் வெறும் கோலா. கோலாவைக் கடைசியில் ஊற்றும்போது அது கீழே இறங்கித் தானாகவே கலக்கும்.

எலுமிச்சையைக் கடைசியில் பிழியாதீர்கள். சாற்றில் உள்ள சக்கைத் துகள்களைச் சுற்றிக் குமிழி உருவாகிப் பொங்கும்.

கரும்புத்தோகை — 6 மார்ச், காலை 11:20

மேலே "எலுமிச்சை" என்று எல்லோரும் எழுதுகிறோம். தமிழில் ஒரே சொல்லில் இரண்டு பழத்தை அடக்கிவிடுவதால் குழப்பம் வரும். இந்தப் பானத்துக்கு வேண்டியது லைம், பச்சைத் தோல் உள்ள சிறியது. மஞ்சளாக, நீளவாக்கில், காம்புக்கு எதிர்ப்பக்கம் முனை உள்ள லெமன் அல்ல. லெமனைப் பிழிந்தால் கெட்டுப்போகாது, ஆனால் கோலா கொஞ்சம் மிட்டாய் மாதிரி ஆகிவிடும். லைமின் தோலில் உள்ள கசப்புதான் இங்கே வேலை செய்கிறது.

தோலை மறக்காதீர்கள். பிழிந்த பாதியைக் கவிழ்த்துக் கிளாஸின் மேல் ஒருமுறை நசுக்கினால் எண்ணெய் தெறிக்கும். வாசனையில் பாதி அதுதான். ஆனால் தோலோடு அடியில் போட்டு இடிக்காதீர்கள், வெள்ளைச் சதையின் கசப்பு இறங்கும். பாட்டிலில் விற்கும் சாறு வேண்டாம். பாதுகாப்புக்குச் சேர்த்த கந்தக நெடி கோலாவில் தனியாகத் தெரியும்.

தராசு — 6 மார்ச், இரவு 9:30

10 மில்லி சாறு என்றேன். திருத்துகிறேன். உலர்ந்த லேசான ரம்முக்கு 10 சரி. இனிப்புச் சேர்த்த ரம்மோ, வாசனைப்பொருள் சேர்த்த ஸ்பைஸ்டு ரம்மோ என்றால் 15. அதையும் தாண்டினால் கோலா மெலிந்து, லைம் சோடா மாதிரி ஆகிவிடும். சிறிய பழம் ஒன்றில் 15 முதல் 20 மில்லி வரும், ஆகவே 10 மில்லிக்கு அரைப் பழத்துக்குச் சற்று மேல். பிழியும் முன் உள்ளங்கையால் மேசையில் அழுத்தி உருட்டுங்கள்.

புதுக்கோப்பை — 9 மார்ச், இரவு 10:10

ரம்ல இனிப்புச் சேர்ப்பாங்களா? லேபிள்ல ஒண்ணும் போடலையே.

கரும்புத்தோகை — 9 மார்ச், இரவு 10:48

சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ரம் என்று பெயர் வைக்க லிட்டருக்கு 20 கிராம் வரை அனுமதி, ஆல்கஹால் குறைந்தது 37.5 சதவீதம் இருக்க வேண்டும். ஜமைக்காவும் பார்படோஸும் பொதுவாக இனிப்புச் சேர்க்காத நாடுகள். "ஸ்மூத்" என்று புகழப்படும் பல ரம்களின் ரகசியம் சர்க்கரைதான்.

வீட்டில் பார்க்கும் வழி: வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு டீஸ்பூன் ரம்மை ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வையுங்கள். காலையில் விரலால் தொடுங்கள். பசை மாதிரி ஒட்டினால் சர்க்கரை. லேசான நிறக்கறை மட்டும் இருந்தால் மரமும் சாயமும்.

ஸ்பைஸ்டு ரம்களில் சில ரம் என்ற வரையறைக்கே கீழே போகும். கேப்டன் மார்கன் ஸ்பைஸ்டு கோல்டு ஐரோப்பாவில் 35 சதவீதம்தான், ஆகவே சட்டப்படி வெறும் "மதுபானம்". அதில் வெனிலா தூக்கல். வெனிலா உள்ள கோலாவில் வெனிலா உள்ள மது, மேலே 12 கிராம் சர்க்கரை. தராசு சொன்ன ஊசிக் கதை மறுபடியும். பிடித்தவர்கள் குடிக்கட்டும், ஆனால் 15 மில்லி லைம் இல்லாமல் வேண்டாம்.

பாட்டிலில் எண் பெரிதாக இருந்தாலும் ஏமாறாதீர்கள். சோலேரா முறையில் பல வயது ரம்களைக் கலப்பார்கள். ஜகாபா 23 என்ற ரம்மில் உள்ள கலவை 6 முதல் 23 வருடம் வரையானது. ஜமைக்காவில் எழுதும் வயது கலவையில் மிக இளைய துளியின் வயது.

ஐஸ்வண்டி — 10 மார்ச், மதியம் 12:05

கோலாவுக்கு வருவோம். பிராண்டை விட டப்பாவின் அளவு முக்கியம். 2 லிட்டர் பாட்டிலைத் திறந்து பாதி தீர்ந்ததும் மேலே வெற்றிடம் பெரிதாகிறது, காஸ் அங்கே ஏறிவிடும். மூடியை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. பாட்டிலை அமுக்கி, காற்றை வெளியேற்றி மூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம், அமுங்கிய பாட்டில் திரும்ப உப்ப வேண்டும், உப்புவதற்கான காஸ் கோலாவிலிருந்துதான் வரும். 330 மில்லி கேனோ சின்ன கண்ணாடி பாட்டிலோ வாங்குங்கள். ஒரு கேனில் இரண்டே முக்கால் கிளாஸ்.

கரும்புச் சர்க்கரையா, சோளச் சிரப்பா என்ற சண்டையில் நான் இறங்கமாட்டேன். ரம்மும் லைமும் சேர்ந்தபின் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பது கஷ்டம்.

டயட் கோலா தனி விவகாரம். சர்க்கரை இல்லாததால் பானத்தின் கனம் குறைந்து ரம்மின் நெருப்பு முன்னுக்கு வரும். அதிகமாக நுரைக்கவும் செய்யும், மெதுவாக ஊற்றுங்கள். லைமை 5 மில்லிக்குக் குறைத்தால்தான் சமநிலை வரும். இன்னொன்றும் உண்டு. சர்க்கரையில்லாத கலவையை வயிறு வேகமாகக் காலி செய்கிறது, ஆல்கஹால் ரத்தத்துக்கு விரைவாக ஏறுகிறது. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், அதே அளவு மதுவுக்கு டயட் கலவை குடித்தவர்களின் மூச்சில் ஆல்கஹால் அளவு கூடுதலாக இருந்தது, ஆனால் அவர்களுக்கு அது உறைக்கவில்லை. கலோரி மிச்சம் என்று நினைத்து அதே வேகத்தில் குடிக்காதீர்கள்.

தராசு — 10 மார்ச், இரவு 8:20

பலத்தையும் எழுதிவைக்கிறேன். 40 சதவீத ரம் 50 மில்லியில் 20 மில்லி ஆல்கஹால். மொத்தம் 180 மில்லி, ஆகவே 11 சதவீதம். வைன் அளவு. பீர் மாதிரி உறிஞ்சக் கூடாது.

கரும்புத்தோகை — 12 மார்ச், காலை 8:00

பேச்சு வேறு பக்கம் போகட்டும். கியூபா லிப்ரே என்றால் "சுதந்திர கியூபா". ஸ்பெயினுக்கு எதிரான போரில் எழுந்த முழக்கம். 1898இல் அமெரிக்கா அந்தப் போரில் இறங்கியது, 1902இல் கியூபா குடியரசானது. அமெரிக்கப் படையாட்களோடு கோலாவும் ஹவானாவுக்கு வந்தது, ரம் ஏற்கெனவே அங்கே இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

முதலில் கலந்தவர் யார் என்பதற்கு 1965இல் ஒருவர் எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தைக் காட்டுவார்கள். 1900இல் ஹவானாவில் நேரில் பார்த்ததாகச் சொன்னார். அவர் பக்கார்டி ஊழியர் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். நாடு கடந்து போன கியூபர்கள் இதே பானத்தை "மென்திரித்தா" என்பார்கள், சின்னப் பொய் என்று அர்த்தம். சுதந்திரம் எங்கே என்ற கேலி.

கரும்புத்தோகை — 12 மார்ச், காலை 8:25

கியூபா ரம் தேடுகிறவர்களுக்கு: ஹவானா கிளப் என்ற பெயரில் இரண்டு ரம்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் விற்பது போர்ட்டோ ரிக்கோவில் பக்கார்டி செய்வது. மற்ற நாடுகளில் கிடைப்பது கியூபாவில் செய்து, பெர்னோ ரிக்கார் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கூட்டில் விற்பது. பின்பக்க லேபிளில் எங்கே தயாரானது என்று பாருங்கள். கியூபாவின் 3 வருட ரகம் இந்தப் பானத்துக்குத் தைத்த சட்டை.

தராசு — 14 மார்ச், இரவு 9:05

முதல் பதிவில் எஸ்டர் ரம்மை அதிகமாகத் தூக்கிப் பிடித்துவிட்டேன் என்று தோன்றுகிறது. 50 மில்லி முழுக்க பானை வடிகல ஜமைக்கா ரம்மாகப் போட்டால் மூன்றாவது வாயில் சலித்துவிடும். கலப்பதே நல்லது. லேசான ரம் 40 மில்லி, அதனுடன் ரே அண்ட் நெஃப்யூ போன்ற 63 சதவீத ஜமைக்கா ரம் 10 மில்லி. ஆல்கஹால் 20 மில்லியிலிருந்து 22க்கு ஏறும், அவ்வளவுதான். வாசனையோ இரண்டு மடங்கு. அந்த 10ஐ 20 ஆக்கினால் கோலா அடங்கிவிடும், ஆனால் குடிக்கிறவரும் அடங்கிவிடுவார்.

லைமே கிடைக்காவிட்டால் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரம் இரண்டு சொட்டு. திகட்டலைக் கொஞ்சம் தட்டும், புளிப்பின் இடத்தை நிரப்பாது. துளி உப்புத் தண்ணீரும் கசப்பை அடக்கும், ஒரு கிளாஸுக்கு மூன்று சொட்டுக்கு மேல் போகாதீர்கள்.

புதுக்கோப்பை — 17 மார்ச், மாலை 6:30

எட்டுப் பேருக்கு ஜக்குல மொத்தமா கலக்கி வச்சிடலாமா?

ஐஸ்வண்டி — 17 மார்ச், மாலை 6:41

கோலாவை ஜக்கில் கலக்காதீர்கள், கால் மணி நேரத்தில் காஸ் போய் பாகாகிவிடும். ரம் 400 மில்லி, லைம் சாறு 80 மில்லி, இரண்டையும் மட்டும் கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் முதலில் 60 மில்லி கலவை, மேலே ஐஸ், அதன் மேல் 120 மில்லி கோலா. எட்டுக்கு 960 மில்லி, 330 மில்லி கேன் மூன்று போதும், 30 மில்லி மிஞ்சும். சாற்றை அன்றே பிழிந்து அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் சப்பென்று ஆகிவிடும்.

புதுக்கோப்பை — 19 மார்ச், இரவு 11:15

அந்த 40க்கு 10 கணக்கு சரியா வந்துச்சு. என் முதல் வாதத்தை வாபஸ் வாங்கறேன், பாதி மட்டும். ஒரே ஒரு கேள்வி மிச்சம்: அந்த 12 வருஷ பாட்டில்ல இன்னும் முக்கால் இருக்கு, என்ன பண்றது?

கரும்புத்தோகை — 19 மார்ச், இரவு 11:22

சின்ன கிளாஸ், 30 மில்லி, ஐஸ் வேண்டாம். கோலா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.